நீர் குறையாத தட்டில் நாற்று ஏன் சாய்கிறது?

செங்கோட்டையில் மாடி வீட்டில் குடியிருக்கும் நீங்கள், வாரத்தில் ஐந்து நாள் புனலூரில் தங்கி வேலை பார்ப்பதால், அடியில் நீர் தேக்கித் திரி வழியாகத் தானே ஈரம் எடுத்துக்கொள்ளும் நாற்றுத் தட்டு ஒன்றை வாங்கி, ஆனி மாதத்தில் வீட்டுக்குள்ளேயே தக்காளி, மிளகாய், கத்தரி மூன்றையும் விதைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். முளைப்பு நன்றாக இருந்தது, அடுத்த வாரம் வந்து பார்த்தபோது பாதி நாற்று மடிந்து கிடந்தது, மீதி வெளிறி நெட்டையாக நின்றது, அடித்தட்டில் நீர் அப்படியே இருந்தது என்கிறீர்கள். நீங்கள் கேட்டது, இதைவிட நல்ல தட்டு எது என்பது. ஆனால் நீங்கள் தந்திருக்கும் விவரங்களைப் பார்த்தால் உண்மையான கேள்விகள் வேறு இரண்டு: நீர் இருந்தும் நாற்று ஏன் செத்தது, ஐந்து நாள் ஆள் பார்க்காத வீட்டில் நாற்று வளர்க்க முடியுமா. தோட்டக்கலை படித்து, மலையடிவாரத்தில் பல ஆண்டுகளாகக் குழித்தட்டு நாற்றங்கால் நடத்திவருபவன் என்ற முறையில் இந்த இரண்டுக்கும் விடை சொல்கிறேன். நோயைப் பொறுத்தவரை கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியதை மட்டுமே சொல்வேன். எந்தப் பூஞ்சை என்பதை ஆய்வகத்தில்தான் உறுதி செய்ய முடியும்.

முதலில், வீட்டுக்குள் நாற்று விடுவது என்ற வழக்கமே குளிர் நாடுகளிலிருந்து வந்தது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். அங்கே வெளியில் உறைபனி இருக்கும்போதே விதைத்து, பனி விலகியதும் நடுவதற்காக வீட்டுக்குள் வெப்பமும் விளக்கும் கொடுத்து நாற்று வளர்க்கிறார்கள். தக்காளியும் மிளகாயும் முளைக்க 25 முதல் 30 டிகிரி வெப்பம் போதும்; அது நமக்கு ஆண்டு முழுவதும் சும்மா கிடைக்கிறது. ஆகவே அவர்களுடைய வெப்பப் பாய்க்கும் மூடிபோட்ட தட்டுக்கும் இங்கே வேலை இல்லை. நமக்கு வீடு தேவைப்படுவது வேறு காரணங்களுக்காக. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் ஆனி, ஆடிக் காற்று எவ்வளவு வேகமானது என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் காற்றை நம்பித்தான் இந்தப் பக்கம் காற்றாலைகளே நிற்கின்றன. அந்தக் காற்றும் அதனுடன் வரும் சாரலும் இரண்டு இலை நாற்றை நிற்க விடாது. நத்தை, அணில், எறும்பு ஆகியவற்றின் தொல்லையும் உண்டு. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது வெள்ளை ஈ. தக்காளியிலும் மிளகாயிலும் இலைச்சுருட்டு நச்சுயிரியைப் பரப்புவது அதுதான். நாற்றுப் பருவத்திலேயே தொற்றிவிட்டால் அந்தச் செடி பிறகு ஒழுங்காகக் காய்க்காது. நாற்றங்கால்களில் 40 அல்லது 50 மெஷ் (ஓர் அங்குல நீளத்தில் அத்தனை கண் உள்ள) வலை கட்டுவது இதற்காகவே. வீட்டுக்குள் நாற்று விடுவதன் மெய்யான பயன் இந்தப் பாதுகாப்புதான். அதே வேலையைக் கூரையுள்ள ஒரு தாழ்வாரமும் நைலான் வலையும் செய்துவிடும் என்றால், அறைக்குள் வைப்பதைவிட அதுவே மேல் என்பது என் கருத்து.

இனி செத்த நாற்றுக்கு வருவோம். நீங்கள் சொன்ன இரண்டு அறிகுறிகளும் இரண்டு வெவ்வேறு கோளாறுகளைக் காட்டுகின்றன. மடிந்து கிடக்கும் நாற்று ஒன்றை எடுத்து, தண்டு கோகோபீட்டை, அதாவது தட்டில் மண்ணுக்குப் பதில் நிரப்பும் தேங்காய் நார்க்கழிவுத் தூளை, தொடும் இடத்தை உற்றுப் பாருங்கள். அந்த ஒரு இடம் மட்டும் நீர் கோத்து, நூலைக் கட்டி இறுக்கியது போல் ஒடுங்கி, பழுப்பாக மாறியிருக்க, மேலே உள்ள வித்திலைகள் (விதையிலிருந்து முதலில் விரியும் இரண்டு இலைகள்) இன்னும் பச்சையாகவே இருந்தால் அது நாற்றழுகல். பித்தியம், ரைசாக்டோனியா போன்ற கிருமிகளால் வருவது. ஈரம் தேங்கி, காற்றோட்டம் இல்லாமல், நெருக்கமாக முளைத்திருக்கும் இடத்தில் ஒரு மூலையில் தொடங்கி வட்டமாகப் பரவும். இரண்டாவது வகையில் தண்டு எங்கும் ஒடுங்கியிருக்காது. மேலிருந்து கீழ்வரை முழுமையாக, ஆனால் வெளிறி, விரல் நீளத்துக்கு ஓடி, ஜன்னல் பக்கமாக வளைந்து, தன் இலையின் எடையைத் தானே தாங்காமல் படுத்திருக்கும். அது வெளிச்சப் பற்றாக்குறை. நீங்கள் அனுப்பிய படத்தில் தண்டின் அடிப்பகுதி தெரியாததால் உங்கள் தட்டில் எது எவ்வளவு என்று நான் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று மற்றொன்றுக்கு வழி விடும் என்பது உறுதி. வெளிச்சம் குறைந்த நாற்றின் தண்டு மென்மையாக இருக்கும். அதில் அழுகல் எளிதாக ஏறும். அழுகிய நாற்று திரும்ப எழாது. நெட்டையாக நிற்கும் தக்காளியை மட்டும் வித்திலை வரை புதைத்து வேறு குழிக்கு மாற்றினால் தண்டிலிருந்தே புது வேர் விட்டுத் தேறிவிடும். மிளகாயும் கத்தரியும் தக்காளி அளவுக்கு அப்படி வேர் விடுவதில்லை. அவற்றை ஆழப் புதைத்து மீட்கலாம் என்று எண்ண வேண்டாம்.

தானே நீர் எடுக்கும் தட்டு எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்தால் அழுகலின் காரணம் விளங்கும். திரியும் கோகோபீட்டும் நுண்துளைகளின் வழியே நீரை மேலே இழுக்கின்றன. செடி எவ்வளவு நீரைக் குடித்ததோ, மேற்பரப்பிலிருந்து எவ்வளவு ஆவியாயிற்றோ, அதை ஈடுகட்டும் அளவுக்கு நீர் ஏறும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அடிப்படை. வளர்ந்த செடிக்கு இது மிகப் பொருத்தம். ஆனால் இரண்டு இலை நாற்று குடிக்கும் நீர் மிகமிகக் குறைவு. சாரல் காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் ஆவியாவதும் குறைவு. ஆகவே ஊடகம், அதாவது வேர் ஓடும் கோகோபீட், ஒருபோதும் காயாமல், நிறைவு நிலையிலேயே நிற்கிறது. இதில் இன்னொரு நுட்பம் உண்டு. ஈரத் துணியைக் கொடியில் தொங்கவிட்டால் மேலே உலர்ந்த பிறகும் கீழ் ஓரத்தில் நீர் கோத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எந்தத் தொட்டியிலும் அடிப்பகுதியில் அப்படி ஒரு நீர் செறிந்த பட்டை இருக்கும், அதன் உயரத்தைத் தீர்மானிப்பது ஊடகத்தின் தன்மையே தவிரத் தொட்டியின் ஆழம் அன்று. ஓரடி ஆழத் தொட்டியில் அந்தப் பட்டை வேருக்கு எட்டாத தூரத்தில் கிடக்கும். நாலைந்து சென்டிமீட்டர் ஆழமே உள்ள நாற்றுக் குழியில் அது வேர் இருக்கும் இடத்தில் பாதியைப் பிடித்துக்கொள்ளும். அங்கே காற்று இல்லை. காற்று இல்லாத இடத்தில் வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும். அதனால்தான் நீர் குறையாத தட்டில் நாற்று சாய்கிறது. அதே தட்டு பங்குனி, சித்திரையின் வறண்ட வெயிலில் உங்களுக்கு நன்றாக உழைக்கும். எனவே புதுத் தட்டு வாங்க வேண்டாம். இதையே வேறு விதமாகப் பயன்படுத்துங்கள்.

அடித்தட்டின் நீர்மட்டத்துக்கும் குழிகளின் அடிக்கும் இடையே காற்று இடைவெளி கட்டாயம் இருக்க வேண்டும். இது இந்த விஷயத்தில் எனக்கு ஐயமே இல்லாத ஒன்று. குழியின் அடி நீரைத் தொட்டுக்கொண்டிருந்தால் அது தானே நீர் எடுக்கும் தட்டு அன்று, நீரில் ஊறவைத்த தட்டு. விளிம்பு வரை நிரப்பிவிட்டு ஊருக்குப் போனால் நடப்பது இதுதான். பருத்தித் திரி முதலில் நன்றாக நீர் இழுத்தாலும் சில வாரங்களில் மக்கிவிடும். நைலான் அல்லது பாலியஸ்டர் கயிறு நீடித்து வரும். எதுவானாலும் முதலில் நீரில் நனைத்துவிட்டுத்தான் பொருத்த வேண்டும். காய்ந்த திரியில் நீர் எளிதில் ஏறாது. ஈரம் மிகுதியாகத் தெரிந்தால் திரியின் தடிமனைக் குறைப்பதும், திரியோடு ஈரம் கடத்தும் துணிப்பாயும் உள்ள தட்டானால் குழிகளை அதிலிருந்து சிறிது தூக்கி வைப்பதும் எளிய வழிகள். தட்டைக் கையில் தூக்கிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். நனைந்த தட்டின் கனமும் நீர் கேட்கும் தட்டின் கனமும் சில நாளிலேயே கைக்குப் பிடிபட்டுவிடும், மேற்பரப்பின் நிறம் மட்டும் ஏமாற்றும்.

விதைத்ததிலிருந்து முளைக்கும் வரை அடியில் நீரே வேண்டாம். கோகோபீட்டைச் சரியான பதத்தில் நனைத்திருந்தால் அந்த ஈரம் முளைப்புக்குப் போதும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் இரண்டொரு சொட்டு கசிய வேண்டும், ஒழுகக் கூடாது. குழித்தட்டு நாற்றங்கால்களில் விதைத்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாலித்தீன் தாளால் மூடிவைப்பது இந்த ஈரத்தைக் காப்பதற்காகத்தான். முளை தெரிந்த அன்றே பிரித்துப் பரப்பிவிட வேண்டும். உங்கள் தட்டில் மூன்று பயிரையும் சேர்த்து விதைத்தது இங்கேதான் தடையாகிறது. தக்காளி 4 முதல் 6 நாளில் எழும்பும், கத்தரி 6 முதல் 10 நாள் ஆகும், மிளகாய்க்கு 7 முதல் 12 நாள் வரை பிடிக்கும். மிளகாய்க்காக மூடிவைத்தால் தக்காளி இருட்டில் ஓடும். தக்காளிக்காகத் திறந்தால் மிளகாய் விதை காயும். பயிருக்கு ஒரு தட்டு, அல்லது தட்டையே வெட்டிப் பிரித்து வைப்பது நல்லது. நீங்கள் சனி, ஞாயிறு மட்டும் வீட்டில் இருப்பவர் என்பதால், முளைக்கும் நாள் வார இறுதியில் விழும்படி தக்காளியை ஞாயிறு இரவிலும், மிளகாயை அதற்கு முந்தைய வாரத்திலும் விதைக்கலாம். மாடி ஏறக்கூடியவர் ஒருவர் வீட்டில் இருந்தால், முளைத்த அன்று மூடியை எடுப்பது என்ற ஒரு வேலையை மட்டும் அவரிடம் சொல்லிவையுங்கள். முளைக்கும் கட்டத்தில் அந்த ஐந்து நாளில் தவற விடக் கூடாத வேலை அது ஒன்றுதான்.

முளைத்த பிறகு சாரல் காலமானால் அடியில் இரண்டு மூன்று நாளில் தீர்ந்துபோகும் அளவுக்கு மட்டும் நீர் ஊற்றுங்கள். அந்த அளவு என்ன என்பது உங்கள் தட்டையும் அறையையும் பொறுத்தது. ஒரு வார இறுதியில் அளந்து ஊற்றி, எப்போது வற்றுகிறது என்று பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கோகோபீட் தன் எடையைப் போல் பல மடங்கு நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால், அடித்தட்டு வற்றிய பிறகும் ஆனி, ஆடியில் இரண்டு நாள் தாங்கும். இந்த நனைவும் உலர்வும் மாறிமாறி வருவதுதான் வேரை ஆழமாக ஓடச் செய்கிறது.

நீர் தேங்கும் தட்டைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, வீட்டுக்குள் இருக்கும் இத்தகைய தெளிந்த சிறு நீரில்தான் விரும்பி முட்டையிடும். நம் வெப்பத்தில் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். வார இறுதிக்கு வார இறுதி நீர் ஊற்றும் உங்கள் முறை கிட்டத்தட்ட அதே கால அளவு. மேலும் அந்த முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே வாரம் ஒருமுறை மிச்ச நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரை நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். நீர் ஊற்றும் வாயையும் திரி நுழையும் துளைகளைச் சுற்றிய இடைவெளியையும் வலைத்துணியால் அடைக்க வேண்டும். ஒளி புகாத அடித்தட்டாக இருந்தால் பாசியும் பிடிக்காது.

வெளிச்சத்தில்தான் பிற நாட்டுக் குறிப்புகள் நம்மை அதிகம் வழி தவறச் செய்கின்றன. தெற்கு ஜன்னலில் வையுங்கள் என்று அவர்கள் எழுதுவது அவர்களுக்குச் சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்திருப்பதால். செங்கோட்டை ஏறத்தாழ 9 டிகிரி வடக்கில் இருக்கிறது. சித்திரை தொடங்கி ஆவணியின் முதல் பாதி வரை நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு வடக்கேதான் நிற்கும். அந்த மாதங்களில் தெற்கு ஜன்னலுக்கு நேர் வெயில் விழவே விழாது. உச்சி வெயிலை எந்தத் திசை ஜன்னலானாலும் கூரையின் இறவாணமும் சன்ஷேடும் தடுத்துவிடும். ஆகையால் கீழ்த்திசை ஜன்னலே நமக்கு ஏற்றது. மேற்கு ஜன்னலில் சாரலும் காற்றும் நேராக அடிக்கும். ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே தள்ளினால் வெளிச்சம் எவ்வளவு சரிகிறது என்பதை நம் கண் உணராது, ஏனெனில் கண் தன்னைச் சரிசெய்துகொள்ளும். நாற்று அப்படிச் செய்துகொள்ள முடியாமல் நீண்டுவிடும். மேகம் மூடிய சாரல் நாட்களில் கிழக்கு ஜன்னலும் போதாது. அப்போது 20 வாட் வெள்ளை எல்இடி பேட்டன் விளக்கு இரண்டை நாற்றின் தலைக்கு மேல் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு, டைமர் வைத்து நாளுக்கு 14 மணி நேரம் எரியவிட்டால் நாற்று குட்டையாகவும் தடித்தும் வளரும். ஊதா நிற விளக்குகளுக்கு அதிக விலை கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. கடையில் கிடைக்கும் 6500 கெல்வின் வெள்ளை விளக்கே நாற்றுப் பருவத்துக்குப் போதும். ஆளில்லாத ஐந்து நாளில் உங்களுக்குத் தானியங்கி ஏற்பாடு ஒன்று வேண்டுமென்றால், நீரைவிட விளக்குக்கே அதை முதலில் செய்யுங்கள்.

ஊடகத்தைப் பொறுத்தவரை, 650 கிராம் கோகோபீட் கட்டியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து, தேநீர் நிறத்தில் வடியும் நீர் தெளியும்வரை இரண்டு மூன்று முறை கழுவுங்கள். தேங்காய் மட்டையில் உள்ள உப்பு அதில் இருக்கும். அடியிலிருந்து நீர் ஏறும் தட்டில் இந்தக் கழுவல் இன்னும் முக்கியம். மேலிருந்து நீர் ஊற்றினால் உப்பு கீழே கரைந்து வெளியேறும். கீழிருந்து ஏறினால் நீர் ஆவியாகி உப்பு மட்டும் மேற்பரப்பில், அதாவது இளந்தண்டு இருக்கும் இடத்திலேயே சேரும். வெள்ளைப் பொருக்கு தெரிந்தால் அதுதான். கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் நாற்றுக்கு மட்டுமாவது மழைநீரைப் பிடித்து வையுங்கள். கோகோபீட்டில் சத்து என்று சொல்ல ஒன்றுமில்லை. மூன்று பங்குக்கு ஒரு பங்கு நன்றாக மக்கிய மண்புழு உரம் கலக்கலாம். அல்லது வித்திலைக்கு அடுத்து வரும் முதல் உண்மை இலை விரிந்த பிறகு, லிட்டருக்கு 1 கிராம் 19:19:19 என்ற நீரில் கரையும் கலப்பு உரத்தைக் கரைத்து வாரம் ஒருமுறை மேலிருந்து பூவாளியால் தெளிக்கலாம். உரநீரை அடித்தட்டில் ஊற்ற வேண்டாம். பாசியும் நாற்றமும் சேரும்.

அழுகலுக்கு முன்தடுப்பாக நோய்க்கிருமியை அடக்கும் நன்மை செய்யும் நுண்ணுயிர்களான டிரைகோடெர்மா விரிடியை ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் அல்லது சூடோமோனாஸை 10 கிராம் கலந்து விதைநேர்த்தி செய்வது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. வீட்டு அளவுக்கு, விதை உறையில் ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்கினால் போதும். கடையில் வாங்கும்போது காலாவதி நாளைப் பாருங்கள், அது உயிருள்ள பொருள். மஞ்சள்தூள் தூவுவது, பட்டைத்தூள் தூவுவது, மோர் தெளிப்பது ஆகியவற்றைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இவற்றால் தீங்கு பெரிதாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஈரத்தையும் காற்றோட்டத்தையும் சரிசெய்யாமல் இவற்றை மட்டும் நம்பி நாற்றங்கால் நடத்த நான் துணிய மாட்டேன். சரிசெய்துவிட்டால் இவை தேவைப்படுவதும் இல்லை. குழிக்கு ஒரு விதை போடுவதும், சிறிய மின்விசிறியை மெல்லிய வேகத்தில் நாளில் சில மணி நேரம் ஓடவிடுவதும் இவற்றைவிட உறுதியான பலன் தரும். பழைய தட்டை மறுபடி பயன்படுத்தும் முன் பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்துக் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும்; அழுகல் வந்த கோகோபீட்டை நாற்றுக்குத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

வெண்டை, முள்ளங்கி, காரட், பீன்ஸ், கீரை ஆகியவற்றுக்கு இந்தப் பாடு எதுவும் வேண்டாம், நேராகத் தொட்டியில் விதையுங்கள். பிடுங்கி நட்டால் காரட்டும் முள்ளங்கியும் கிளைத்துக் கோணும். பூசணி, சுரை, பாகல் வகைகளை மழைக்காகத் தட்டில் முளைக்க வைத்தாலும் இரண்டு உண்மை இலைக்குள் வேர்க்கட்டி கலையாமல் நட்டுவிட வேண்டும். தக்காளி நாற்றை 25 நாளிலும், கத்தரியை 30 முதல் 35 நாளிலும், மிளகாயை 35 முதல் 40 நாளிலும் எடுக்கலாம். அதற்கு முந்தைய ஒரு வாரம் அடித்தட்டை முற்றிலும் காலியாக வைத்து, மேலிருந்து அளவாக நீர் தெளித்து, முதலில் நிழலான தாழ்வாரத்திலும் பிறகு காலை வெயிலிலும் வைத்துப் பழக்குங்கள். அறைக்குள் வளர்ந்த இலை நேர் வெயிலில் ஒரே நாளில் வெளுத்துக் கருகிவிடும். இந்த ஒரு வாரம்தான் உங்கள் ஐந்து நாள் இல்லாமையோடு ஒத்துப்போகாத பகுதி. முடிந்தால் அந்த வாரம் விடுப்பு எடுங்கள்; இல்லையென்றால் காலையில் மட்டும் வெயில் விழும் ஒரு மூலையில் நிழல்வலைக்கு அடியில் வைத்து, பக்கத்து வீட்டாரிடம் நீர் தெளிக்கச் சொல்லுங்கள்.

ஆடிப்பட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. மீதி நிற்கும் தக்காளியை இந்த வார இறுதியில் ஆழப் புதைத்து மாற்றிவிட்டு, மிளகாயையும் கத்தரியையும் புதிதாக விதையுங்கள். மடிந்த நாற்று ஒன்றை வேரோடு எடுத்து வெள்ளைத் தாளில் கிடத்தி, தண்டின் அடி தெரியும்படி ஒரு படமும், தட்டு வைத்திருக்கும் ஜன்னல் எந்தத் திசை என்ற குறிப்பும் அனுப்பினால், அழுகலா வெளிச்சமா என்பதை இதைவிடத் திட்டமாகச் சொல்கிறேன்.